யோபுவை எங்கே வைப்பது

லிப்ட் மெக்கானிக்குக்குச் சர்ச் சபையில் ‘ஒத்துவாக்கியம்’, அதாவது பைபிள் வசன அகராதி, என்று பட்டப்பெயர். எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாய் மூடுமுன் அதிகாரமும் எண்ணும் வந்து விழும். ஆனால் வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. சரித்திர டீச்சரான ஒரே மகள் சபைக்கு முழுக்குப் போட்டு இரண்டு வருடம். வேறு ஊரில் வேலை. போனில் அம்மாவிடம் மணிக்கணக்காகப் பேசுவாள். அப்பா வாங்கினால் “நல்லாருக்கேன்பா” என்பதோடு சரி. சின்ன வயதிலிருந்து அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் “எழுதியிருக்கு, நம்பு” என்று வாயை அடைத்தவர் அவர்தான். அதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

அப்படிப்பட்டவள் போன மாதம் தானாகவே பேச்செடுத்தாள்.

“எது முதல்ல நடந்துச்சோ அந்த வரிசையில வேதத்தைப் படிச்சுப் பார்க்கணும்னு தோணுதுப்பா. நீங்களும் படிங்க. காலைல ஆறு மணிக்குக் கூப்பிடுறேன். பிரசங்கம் மட்டும் வேணாம்.”

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்கு ஓடினார்.

காலவரிசைப்படி அடுக்கிய விளக்க வேதாகமம் அங்கே இரண்டு வகை இருந்தது, வகைக்கு ஒரே பிரதி. ஒன்று செங்கல் கனம். பக்கத்துக்குப் பக்கம் வரைபடம், அடியில் பொடி எழுத்தில் குறிப்புகள். மற்றது மெலிசு, பெரிய எழுத்து.

“ரெண்டும் ஒண்ணு இல்ல சார்,” என்றார் கடைக்காரம்மா. “ஒரே மாதிரி ரெண்டு வேணும்னா அடுத்த வாரம் வரவழைச்சுத் தரேன்.”

“நடந்த வரிசை ஒண்ணுதானேம்மா? எனக்குத் தெரியாததா?”

ஒரு வாரம் பொறுத்தால் மகளின் மனசு மாறிவிடுமோ என்று அவருக்குப் பயம். இரண்டையும் வாங்கி, கனமானதை அவளுக்கு அனுப்பிவைத்தார்.

மூன்று நாள் பேச்சு நன்றாகத்தான் போயிற்று. நான்காம் நாள் அவரே ஆரம்பித்தார்.

“யோபு ஒரே நாள்ல பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்தாரே, படிச்சியா?”

“யோபுவா? நான் ஆபிரகாம் ஊரைவிட்டுக் கிளம்புற இடத்துல இருக்கேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. “படிக்காம சமாளிக்காத பாப்பா. இங்க யோபுதான் வரணும். எனக்குத் தெரியும்.”

“ஆமா, உங்களுக்கு எல்லாம் தெரியும்,” என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

“எவ்வளவு நாள் கழிச்சு வந்தா. விரட்டிட்டீங்களே,” என்றாள் மனைவி. நிஜமாகவே படிக்காமல் ஏமாற்றினாளா என்று பார்த்துவிடலாமென்று மறுபடி கடைக்குப் போனார். கனமான பதிப்பு புதிதாக வந்திருந்தது. தன் புத்தகத்தில் இருந்ததுபோல ஆபிரகாமுக்குப் பக்கத்தில் யோபுவைத் தேடினார். காணோம். நானூறு பக்கம் தள்ளி, ராஜாக்கள் காலத்தையும் தாண்டி உட்கார்ந்திருந்தார் யோபு.

“அவர் எந்தக் காலத்து ஆள்னு யாருக்கும் அறுதியிட்டுத் தெரியாது சார்,” என்றார் கடைக்காரம்மா. “ஒருத்தர் முன்னாடி வைக்கிறாங்க, ஒருத்தர் பின்னாடி வைக்கிறாங்க. அன்னிக்குச் சொல்ல வந்தேன், நீங்க எங்க கேட்டீங்க?”

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடை வாசலிலேயே நின்று மகளைக் கூப்பிட்டார். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

“நீ சரியாத்தான் படிச்சிருக்க. அவசரப்பட்டது நான். யோபு எப்ப வாழ்ந்தார்னு எனக்குத் தெரியாது பாப்பா.”



“இன்னொரு தடவை சொல்லுங்கப்பா.”

“எனக்குத் தெரியாது,” என்றார். “நீ சொல்லு. அவரை எங்க வைக்கலாம்? ஏன்?”

“இருங்க, புக்கை எடுத்துட்டு வரேன்,” என்றாள் அவள்.

பிறகு பேச ஆரம்பித்தவள் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. இரண்டு இடத்தில் அவருக்கு வசனம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டையும் விழுங்கிவிட்டு, “ம், அப்புறம்?” என்றார்.