இருபதாவது வண்டு

பத்தொன்பதும் ஆண். ஒன்றுக்குக்கூட நீள மூக்கு இல்லை. லென்ஸைக் கீழே வைத்தேன். இருபதாவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கீழே விதைக் கிடங்கில் அப்பாவின் குரல். "அந்த மருந்தையெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க. பெரியவ சொல்லிட்டா, இந்த வருஷம் மருந்தே வேணாம்!"

பெரியவள் என்றால் அக்கா. எங்கள் கிடங்கில் இருப்பது பழைய ரகக் கோதுமை. அடித்தாலும் உமி லேசில் கழலாது. அப்பா ஒவ்வொரு வருஷமும் மெனக்கெட்டு உமி நீக்கி, வண்டுக்கு மருந்து வைப்பார். உமியோடு வைத்தால் வண்டே வராது என்றாள் அக்கா. அதைக் காட்ட இரண்டு ஜாடி வைத்தாள்: ஒன்றில் உமி நீக்கியது, இன்னொன்றில் உமியோடு. ஜாடிக்குப் பத்து ஜோடி வண்டு. பெண் வண்டு மூக்கால் மணியைத் துளைத்து முட்டையிட்டு, ஓட்டையை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து வண்டாக வெளியே வரும்.

ஆறு வாரத்தில் முதல் ஜாடி நிறைய வண்டு. உமி ஜாடியில் புதிதாக ஒன்றுகூட இல்லை. போட்ட இருபதும் செத்துக் கிடந்தன. அக்கா அம்மாவைத் தூக்கிச் சுற்றினாள்.

ஜோடி பிரித்தது நான். பெண்ணுக்கு மூக்கு மெலிந்து நீளமாக இருக்கும், ஆணுக்குக் குட்டையாக, தடித்து. இரண்டு கிண்ணத்தில் பிரித்தேன். முதல் ஜாடி சரி. இரண்டாவதுக்கு, போனைப் பார்த்துக்கொண்டே, இருபதையும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டேனோ என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

"அக்கா, கோவப்படாத."

"என்னடி, என் புதுச் சட்டையப் போட்டுக் கிழிச்சிட்டியா?"

"உமி ஜாடில இருந்தது எல்லாமே ஆம்பளைங்க."

லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. பிறகு குலுங்கிச் சிரித்தாள். "அடிப்பாவி! ஆறு வாரமா நான் பிரம்மச்சாரி மடமா நடத்திட்டு இருந்தேன்?"

"அப்பாகிட்ட சொல்லாத, ப்ளீஸ்."

"சொல்லாம? மொத்த விதையும் வண்டு தின்னா அடுத்த வருஷம் எதை விதைக்கிறது?"

இறங்கிப் போனாள். நான் படியிலேயே நின்றேன்.

"அப்பா, மருந்து இருக்கட்டும். ரெண்டே மூட்டைய மட்டும் உமியோட தனியா வைப்போம்."

"ஏம்மா, காலைல அந்தக் குதி குதிச்ச?"

"சின்னத் தப்பு நடந்துபோச்சு. என்னோடதுதான்."

மேலே வந்தவள் முதலில் என் போனைப் பறிமுதல் செய்தாள். சேர்ந்து உட்கார்ந்து பத்து ஜோடி பிரித்தோம். ஒவ்வொரு மூக்கையும் இரண்டு பேரும் பார்த்தோம். "ஆம்பளைங்களுக்கும் பசிக்கும்ல? உமியத் துளைக்க முடியாமத்தான் செத்திருக்கு. பாதி ஜெயிச்சாச்சு போ," என்று தலையில் குட்டினாள். வலிக்கவில்லை. சாயங்காலம் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போது அவள் பக்கத்தில் குறட்டை விடுகிறாள். அலமாரியில் புது ஜாடி. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, அதனால், டைரியே, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: அந்த இருபதாவதையும் கடைசியில் பார்த்துவிட்டேன். அதற்குத் தலையே இல்லை, உடைந்து எங்கோ உதிர்ந்துவிட்டது. ஒரே ஒரு பெண் இருந்து, அதுவும் முட்டையிட முடியாமல் செத்திருந்தால், அக்கா முதலிலேயே ஜெயித்துவிட்டாள். தலையில்லாமல் கிடக்கிறதே, அது ஆணா, பெண்ணா?