செல்வாம்பாளின் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார்

1

“எடுடி அந்தப் படத்த.”

“நேத்தே எடுத்துட்டேம்மா, நீ வேற சும்மா—”

“அப்ப இன்னும் எப்பிடி எல்லாரும்—”

“நான் எடுத்தா போச்சா? நானூறு பேரு காப்பி பண்ணி வச்சிருக்கான்.”

“உன்ன யாருடி போடச் சொன்னது?”

“உன்ன யாரு படத்துக்கு மால போடச் சொன்னது?”

இந்தக் கதை இப்படித்தான் எனக்குக் கிடைத்தது. 2008 ஆவணி, புதுச்சேரி முத்தியால்பேட்டை, என் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான ஒரு சுவர். எனக்குக் கதைகள் முகத்தோடு வருவதில்லை, குரலாக வருகின்றன. முகம் வேண்டுமென்றால் நீங்களே வரைந்துகொள்ளுங்கள். முதல் குரல் செல்வாம்பாள், என்னைவிடப் பத்து வயது இளையவள். இரண்டாவது அவள் மகள் சுமலதா.

2

(‘கடல் காற்று வீசிய ஒரு மாலையில்’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். அன்று காற்றே இல்லை.)

செல்வாம்பாளின் வீட்டுக்காரர் கன்னியப்பன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வுபெற்றவர். வைத்தியத்துக்காகப் பிரான்சில், துலோனில், மகன் வீட்டில் இருக்கிறார். நுரையீரல் கோளாறு, விமானம் ஏறக் கூடாது. அறுபதாங்கல்யாணத்துக்கோ நாள் வந்துவிட்டது. நட்சத்திரம் காத்திருக்குமா? நாற்காலியில் அவர் படத்தை வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் பட்டுப்புடவையோடு செல்வாம்பாள் உட்கார்ந்தாள். அப்பா பார்க்கட்டும் என்று சுமலதா அதைப் போட்டோ எடுத்து இணையத்தில், ஆர்குட்டில் போட்டாள்.

முதலில் பார்த்தது அப்பா இல்லை. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றார் ஒருவர். ‘செத்தவர் பக்கத்தில் பூவும் பொட்டுமா?’ என்றார் அடுத்தவர். மூன்றாம் நாள் முகம் தெரியாத ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: பென்ஷன் நின்றுவிடக் கூடாதென்று சாவை மறைக்கிறாள்.

3

நான் அவளை நம்புகிறேனா? [ஒரு பத்தியில் அவளைப் பொய்க்காரியாக்கிப் பார்த்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. நானூற்றோராவது ஆளாக நானும்— வேண்டாம்.]

அவள் நாத்தனார் கன்னியம்மாள் வந்ததைச் சொல்கிறேன்.

“அண்ணி, ஞாயித்துக்கெழம எம்பொண்ணு கல்யாணத்துல ஆரத்திய வேற யாராச்சும் எடுக்கட்டுமே.”

“ஏன், எங்கைக்கு என்ன?”

“அண்ணன் இருக்குறது எனக்குத் தெரியாதா? போன வாரங்கூடப் பேசுனேன். மாப்ள வீட்டுக்காரங்க கம்ப்யூட்டர்ல பாத்துட்டாங்க.”

“அவரையே அவங்ககிட்டப் பேசச் சொல்றேன்.”

“கொரலு யாருதுன்னு கேப்பாங்க.”

“அன்னிக்கிப் பேப்பரக் கையில புடிச்சி போட்டோ அனுப்பச் சொல்றேன்.”

“அதெல்லாம் ஒட்டுப்போட்டுச் செய்யலாமாம் அண்ணி.”

“அப்ப எதத்தான் நம்புவாங்க?”

“போட்டத நம்புறாங்க. என்ன பண்ணச் சொல்ற?”

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

கன்னியப்பன் விமானமேறி வந்து பந்தலில் நிற்கிறார், எல்லோரும் வாயடைத்து— (டாக்டர் கூடாதென்றாரே. ஊர் வாயை மூட அவரைக் கொல்ல மாட்டேன்.)

எழுதியவர்கள் மன்னிப்புக் கேட்டு— (கேட்கவில்லை. அதற்குள் வேறு யாருடைய படமோ வந்துவிட்டது.)

செல்வாம்பாள் விறுவிறுவென்று போய் ஆரத்தித் தட்டைப் பிடுங்கி— இந்த வரியை முடிக்க அவளே விடவில்லை.

எனக்குக் கேட்பது இவ்வளவுதான். ஞாயிறு, உச்சிவெயில். தெருக்கோடி மண்டபத்து மேளம் தண்ணீருக்கடியில் ஒலிப்பதுபோல் மிதந்து வருகிறது. சுமலதா கல்யாணத்துக்குப் போய்விட்டாள். செல்வாம்பாள் தனியாகத் துலோனுக்குப் போன் போடுகிறாள். அங்கே அவர் இப்போதுதான் எழுந்திருப்பார். எடுத்தாரா, தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கு எட்டாது. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

“என்னங்க... எல்லாரும் சொல்லிச் சொல்லி, காத்தால தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கசொல்ல எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. நீங்க இருக்கீங்கதான?”