டூர் பஸ்ஸில் வந்த பித்தளைக் கிண்ணம்

கொரியாவுல, பூசான் துறைமுகத்துல ஒருநாள் டூர் பஸ்ஸுக்கு கைடுன்னா சும்மாவா? காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்தணும். ஒருத்தருக்குக் காப்பி வேணும், ஒருத்தருக்கு ஜன்னலோரம் வேணும். இதெல்லாம் போதாதுன்னு அன்னைக்குப் புன்னம் அம்மா வேற வந்து சேர்ந்தாங்க.

எண்பதை எட்டப் போற வயசு. சுருட்டைவிட்ட குட்டை முடியில கரிச்சட்டி மாதிரி கறுப்புச் சாயம். மடியில ஒரு வெள்ளைத் துணி மூட்டை. டிரைவர் குவாக் அண்ணன் வளைவுல வண்டியை ஒடிச்சுத் திருப்பினப்ப பஸ்ஸே அலறுச்சு, இவங்க மட்டும் சிரிச்சாங்க. "இன்னும் வேகமாப் போப்பா! என் மகன் தோசிக்கு இருக்கானே, அவனுக்கு வேகம்னா உசுரு. மோட்டார் சைக்கிள்ல பறப்பான்."

"பாத்தியா ஹேரான்? என் அருமை தெரிஞ்சவங்க இவங்க ஒருத்தங்கதான்"னு அண்ணன் என்னைச் சீண்டினார்.

மொதல்ல பாறைமேல இருக்கிற கடலோரக் கோயில். எல்லாரும் கும்பிட்டுட்டு சூடான மீன் சூப்புக்கு வரிசையில நிக்கிறாங்க, இந்தம்மாவைக் காணோம். தேடிப் போனா, கீழே பாறையில குந்திக்கிட்டு, நீளத் துணியில கட்டின பித்தளைக் கிண்ணத்தைத் தண்ணியில இறக்கிட்டு இருக்காங்க.

கடலை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு அது என்னன்னு தெரியாதா? கடல்ல மூழ்கிப் போனவங்களைக் கூப்பிடுற கிண்ணம். உள்ள பச்சரிசி போட்டு, மூடிக் கட்டி இறக்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டு இழுக்கணும். அரிசியில முடி இருந்தா ஆள் வந்தாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வருஷா வருஷம் சோறு படைக்கலாம். வரலைன்னா பட்டினியாத் தண்ணியில அலைய வேண்டியதுதான்.

"ஏம்மா, இதுக்குச் சாமியாடி வரணும், மேளம் வரணும். டூர் வந்த இடத்துலயா செய்வாங்க?"

"படகு கவுந்த இடத்துல அதெல்லாம் வச்சு ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு கண்ணு. மொதத் தரம் வெறும் அரிசி. போன வருஷம் யாரோ ஒரு கிழவன் முடி வந்துச்சு. நீ யாரோ எவரோ, போப்பான்னு தண்ணியிலயே உதறி விட்டுட்டேன். முப்பது வருஷமாச்சு, இருபத்திரெண்டு வயசுல போன என் புள்ள எந்தக் கரையில ஒதுங்கினானோ. உங்க பஸ்தான் எல்லாக் கரையிலயும் நிக்குதே." மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்னாங்க, "அடுத்த வாரம் மக என்னை சியோலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்."

கிண்ணத்தைப் பிரிச்சாங்க. ஒண்ணுமில்ல. "இங்க இல்ல, வா"ன்னு எழுந்துட்டாங்க.

அடுத்து நின்ன மணல் கடற்கரையிலயும் இல்ல. பஸ்ல முணுமுணுப்பு கிளம்பிடுச்சு. "அந்தம்மாவுக்காக நாங்க குளிர்ல விறைக்கணுமா?"னு ஒரு ஆள் எகிறினார். எனக்கும் எரிச்சல்தான், ஆனா வாய் சும்மா இருக்கல. "உங்களுக்கு செல்ஃபி எடுக்க அரை மணி நேரம் நின்னேனே, அப்ப விறைக்கலையா?"ன்னு கேட்டுட்டேன்.

அதுக்கடுத்து மீன் சந்தைக்குப் பின்னால படித்துறையில அந்தம்மா கிண்ணத்தை இறக்கினாங்க. "தோசிக்கு, வாடா"ன்னு கூப்பிட்டதுதான் தாமதம், பக்கத்துக் கடைத் தொட்டியில நீந்திட்டிருந்த மீனெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. ஒரே பக்கமாத் தலையை வச்சுக்கிட்டு, எங்களைப் பாத்து. மீன்காரம்மா தார்ப்பாயை இழுத்துத் தொட்டியை மூடிட்டா. கிண்ணத்துல அப்பவும் ஒண்ணுமில்ல.

கடைசி நிறுத்தம் தேஜொங்தே பாறை முனை. வெயில் சாஞ்சுடுச்சு. அவங்க விரல் விறைச்சு முடிச்சே போட முடியல. நானே பழைய அரிசியைக் கொட்டிட்டு, கிண்ணத்தைத் துடைச்சு, புது அரிசி போட்டு, இறுக்கிக் கட்டினேன். உள்ள ஒரு தூசி இல்ல, சத்தியமா.

இறக்கினோம். கூப்பிட்டாங்க. துணி விறைச்சுது. அலை இழுத்தா விட்டு விட்டு இழுக்கும், இது அப்படி இல்ல. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சு, கனம் பாக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் பொசுக்குன்னு தளர்ந்துடுச்சு. இழுத்துப் பிரிச்சேன்.

அரிசிமேல ஒரே ஒரு முடி. வெள்ளை வெளேர்னு, கோடு கிழிச்ச மாதிரி நீட்டமா.

"அய்யோ, அந்தக் கிழவன்தாம்மா! பின்னாலயே வர்றான்! இருபத்திரெண்டு வயசுல போன பையனுக்கு ஏது நரை? உதறிடுங்க, போயிடலாம்!"

அவங்க உதறல. எடுத்து வெளிச்சத்துல பிடிச்சாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மெல்லக் கன்னத்துல வச்சுக்கிட்டாங்க.

"அவங்கப்பாவுக்கும் ஐம்பதுலயே இப்படித்தான் வெளுத்துச்சு"ன்னாங்க. சட்டுனு முகம் உடைஞ்சு போச்சு. "போன வருஷமே வந்திருக்கான்டி. பெத்தவளே போடான்னு அனுப்பியிருக்கேன். இந்தக் குளிர்ல, கரை கரையா என் பின்னாலயே வந்திருக்கான்."

கையைப் பிடிச்சு மேல ஏத்திக் கூட்டிட்டு வந்தேன்.

முணுமுணுத்த ஆளுங்க ஒதுங்கி வழி விட்டாங்க. புன்னம் அம்மா கிண்ணத்தை ஜன்னலோர இருக்கையில வச்சு, தன் கம்பளிச் சால்வையைச் சுத்தி, பெல்ட் போட்டுவிட்டாங்க. குவாக் அண்ணன் வழக்கம்போல வண்டியை உறும விட்டார்.

"மெதுவாப் போப்பா"ன்னாங்க. "அவனுக்கு வயசாயிடுச்சு."