தம்பி வீட்டு ஃப்ரிட்ஜ்

சோற்றுப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி ஃப்ரிட்ஜுக்குள் வைக்கப் போனாள் அக்கா.

"சூடா வைக்காதீங்க அண்ணி."

தம்பியின் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். காலையில் அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து அவள் வாய் திறந்தது இப்போதுதான்.

"ஆறட்டும். இல்லாட்டி உள்ள இருக்கறதும் கெட்டுடும்."

பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்த பாத்திரங்களால் மேசை நிறைந்திருந்தது. சாப்பிடத்தான் ஆளில்லை. மதிய வெயில் ஜன்னல் துணியில் வடிந்து வந்து, வீடே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது.

தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நேற்று யார் வீட்டிலோ ஒரு ஃப்ரிட்ஜைக் கழற்றிக்கொண்டிருந்தவன், கையில் ஸ்பேனரோடு சுவரில் சாய்ந்தான். அவ்வளவுதான். நாற்பத்து மூன்று வயது.

ஒன்பது மாதமாக அக்கா அவனோடு பேசவில்லை. அவளுக்காக ஒரு பழைய ஃப்ரிட்ஜை அவன் பார்த்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவள் கடையில் புதிது வாங்கிவிட்டாள். "என் கையில நம்பிக்கை இல்லையாக்கா?" என்று கேட்டான். "ஓசியில வர்றது எத்தனை நாள் ஓடும்?" என்று விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல் தைத்துவிட்டது. அவனும் வரவில்லை, அவளும் இறங்கிப் போகவில்லை.

இருவரும் மற்றவற்றை அடுக்கினார்கள். பாலைக் கதவில் வைக்கப் போனாள் அக்கா. தம்பியின் மனைவி அதை வாங்கி உள்தட்டில் வைத்தாள்.

"கதவைத் திறந்து திறந்து மூடுறோம்ல. அங்க குளிர் நிக்காது."

அக்கா தலையாட்டினாள். கொஞ்சம் கழித்து, "என் வீட்டுல கீரையெல்லாம் கண்ணாடியாட்டம் உறைஞ்சிடுதும்மா" என்றாள்.

"பின்சுவரை ஒட்டி வைப்பீங்க. குளிர்காத்து அங்கதான் வருது. கீழ இருக்கற டிராயர்ல வைங்க." அவள் குரல் தணிந்தது. "அவரும் சொன்னாரு. 'அக்கா கீரையைப் பின்னால தள்ளித்தான் வைப்பா. உறையும். உறைஞ்சா என்னைத்தான் கூப்பிடணும்'னு. போன் அடிச்சா போதும், 'அக்காவா பாரு'ம்பாரு."

அக்கா தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"மூணு தடவை உறைஞ்சுது" என்றாள்.

தம்பியின் மனைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோறு ஆறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அக்கா அதை மூடி, நடுத்தட்டில் வைத்து, கதவைச் சாத்தினாள். நிமிரும்போது ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கையை ஊன்றினாள்.

"என்னம்மா, சூடா இருக்கு? கோளாறா?"

"இல்ல அண்ணி. உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளுது. அப்படித்தான் இருக்கும்."

மோட்டார் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அக்கா கையை எடுக்கவில்லை.