மாப்பிள்ளைக்கு ஒரு பேப்பர் பாக்கி

வேதாசலம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பட்டம் இல்லாத பெயர்கள் இரண்டே. ஒன்று பிள்ளையார், இன்னொன்று குலதெய்வம். மற்ற எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் ஏதோ ஒன்று தொங்கியது. மாப்பிள்ளையின் சித்தப்பா பச்சமுத்துவுக்கு 'பி.ஏ., (பி.எல்.,)' என்று போட்டிருந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்த பி.எல்.லுக்கு அர்த்தம், அவர் ஒரு காலத்தில் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போனார், வரிசை நீளமாக இருந்ததால் திரும்பி வந்துவிட்டார் என்பது. பெருநகரில் அரிசி மில் வைத்திருக்கும் வேதாசலம் பத்தாவதோடு நின்றவர். ஆனால் தலைவர், உரிமையாளர், புரவலர் என்று சேர்த்ததில் அவர் பெயர்தான் பத்திரிகையிலேயே நீளமானது.

தேர்தலில் நிற்கிறவனுக்கு இன்னின்ன தகுதி வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். அந்தக் கல்வெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் தமிழ்வாணனின் அச்சகம். அங்கே தகுதி கேட்கிற வழக்கம் கிடையாது. "பேருக்குப் பின்னாடி இன்னா போடட்டும்ணே?" என்று மட்டும்தான் தமிழ்வாணன் கேட்பார். சொன்னதைப் போடுவார்.

அப்படித்தான் மாப்பிள்ளை மோகன்குமாருக்கு 'பி.எஸ்ஸி., (கணிதம்)' விழுந்தது. அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி அதைப் பெண் வீட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். பெண் கல்பனா வாலாஜாபாத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவள். அன்று சாயங்காலமே மோகனுக்கு போன் செய்தாள்.

"பத்திரிகை நல்லா கீது. நீங்களும் மேத்ஸ்னு எனக்கு யாரும் சொல்லவேயில்ல."

"ஆமாங்க."

"டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் உங்களுக்கு எந்த செமஸ்டர்ல வந்திச்சி?"

சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். மோகன்குமார் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லவும் பாடம் தெரிந்திருக்க வேண்டுமே.

"நாலாவதுல வந்திச்சி. அஞ்சாவதுல வந்திச்சி. ஆறாவதுலயும் வந்திச்சி. காலேஜ் முடிச்சி மில்லுல குந்தினப்பறமும் வந்துக்கினே கீதுங்க."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. பிறகு நின்றது.

"அரியரா?"

"அது ஒண்ணுதாங்க. மத்ததெல்லாம் பாஸு."

"அப்ப பட்டம் இன்னும் வரல. வராத பட்டத்த எப்டிப் போடறது? என் கிளாஸ் பசங்க எல்லாம் கல்யாணத்துக்கு வருவாங்க. காப்பி அடிச்சா வெளிய நிக்க வைக்கிறவ நான். பொய்ய அச்சடிச்சி ஊரெல்லாம் குடுத்துட்டு உங்க பக்கத்துல நிக்கணும்னா, என்னால முடியாது."

"நிக்க மாட்டேன்னா, எங்க நிக்க மாட்டீங்க?"

"மேடைல."

கல்பனாவை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்கப் போன அன்று, 'பொண்ணு நல்லா பாடுமா' என்று பச்சமுத்து கேட்டதற்கு, 'மாமா முதல்ல ஒண்ணு பாடட்டும்' என்றவள் அவள்.

வீட்டுக்குப் போய், பட்டத்தை எடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தான். வேதாசலம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறினார்.

"அரியர்னா இன்னாடா, பெரிய வியாதியா? மந்திரியோட உதவியாளர் நமக்கு வேண்டியவரு. ஒரு போன் போட்டா முடிஞ்சிது."

"நைனா, அது மந்திரி போட்ட கணக்கு இல்ல."

"பட்டம் இல்லாத பேரு மொட்டையா இருக்கும்டா. திருப்பதிக்குப் போய்ட்டு வந்தா மாதிரி."

"திருப்பதிக்குப் போறது நல்லதுதான?" என்றாள் அம்மா செல்லம்மாள், ரசம் ஊற்றிக்கொண்டே.

"நீ சும்மா கெட."

ஆக, அப்பா எடுக்க விடமாட்டார். எடுக்காவிட்டால் கல்பனா நிற்கமாட்டாள். பரீட்சை அடுத்த மாதம், ரிசல்ட்டோ கல்யாணத்துக்கு அப்புறம். மோகன் இதையெல்லாம் கல்பனாவிடம் சொன்னான். அவள் ஒரு வழி சொன்னாள்.

"ரிசல்ட்டுக்குக் காத்துக்கினு இருக்க முடியாது. உங்களுக்குப் பாடம் வந்துட்டுதுன்னு எனக்குத் தோணினாப் போதும், போட்டுக்குங்க. நானே சொல்லித்தரேன்."

மறுநாள் மில்லின் அலுவலக அறையில் வீடியோ கால் பாடம் தொடங்கியது.

மோகனுக்கு இதுவரை தெரிந்த ஒரே முறை, கைடில் நட்சத்திரக் குறி போட்ட கணக்குகளை மனப்பாடம் செய்வது. பரீட்சையில் எண்ணை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அவன் மாற்றாமல் எழுதிவிட்டு வருவான்.

"சாதாரண சமன்பாட்ல இன்னா கண்டுபிடிப்பீங்க?" என்றாள் கல்பனா.

"x எவ்ளோன்னு."

"இதுல எவ்ளோன்னு கேக்கல. ஒரு விஷயம் எவ்ளோ வேகமா மாறுதுன்னு மட்டும் சொல்லுவாங்க. அந்த விஷயம் இன்னாதுன்னு நாம கண்டுபிடிக்கணும். விடை ஒரு நம்பர் இல்ல. முழுசா ஒரு கோடு."

அவள் ஒரு கணக்கைப் போட்டுக்காட்டினாள். கடைசியில் y ஒருபக்கம், t ஒருபக்கமாக ஒரு வரி வந்தது. அடியில் கோடு இழுத்தாள்.

"சரிங்க. விடை எங்க?"

"இதான் விடை."

"இதுல இன்னும் y கீதே."

"இருக்கும். y-யத்தான கண்டுபிடிச்சோம்."

அவனுக்கு இது ஏமாற்று வேலையாகப் பட்டது. கல்பனா நோட்டைத் தள்ளி வைத்தாள். "மில்லுல இன்னா பண்றீங்க, அதச் சொல்லுங்க."

அவன் சொன்னான். நெல்லை அவித்துக் களத்தில் கொட்டிப் பரப்புவார்கள். முதலில் சடசடவென்று காயும். காயக் காய வேகம் குறையும். கடைசி ஈரம் போகிறதுக்குள் பொறுமையே போய்விடும்.

"அதத்தான் நான் எழுதினேன்," என்றாள் கல்பனா. "எவ்ளோ ஈரம் கீதோ, அதுக்கு ஏத்த வேகத்துல குறையுது."

dy/dt = –ky என்பதை மோகன்குமார் முதல் தடவையாக நெல்லாகப் பார்த்தான். மைனஸ் ஏன் என்று அவனாகவே புரிந்துகொண்டான். ஈரம் போகிறது, வரவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கோட்டை அவன் அச்சுப்பிழை என்று நினைத்திருந்தான்.

மாறிகளைப் பிரிக்கிற பாடம் இன்னும் சுலபமாக நடந்தது. "கல்யாணப் பந்தி மாதிரி," என்றாள் அவள். "y வூட்டுக்காரங்க எல்லாம் இந்தப் பக்கம். t வூட்டுக்காரங்க எல்லாம் அந்தப் பக்கம். யாரும் மாறி உக்காரக் கூடாது. அப்பறம் ரெண்டு பக்கமும் தொகையிடணும்."

"எங்க பச்சமுத்து சித்தப்பா ரெண்டு பக்கமும் சாப்புடுவாரே."

"அது பிரிக்க முடியாத சமன்பாடு. அடுத்த பாடத்துல வரும்."

வராதது C ஒன்றுதான். தொகையிட்டதும் மாறிலி ஒன்றைச் சேர்க்க வேண்டும். மோகன் ஒவ்வொரு தடவையும் அதை விட்டான். "ஒரு எழுத்துதானங்க," என்றான். "அந்த ஒரு எழுத்து இல்லன்னா, நேத்து கொட்டின நெல்லும் இன்னிக்குக் கொட்டின நெல்லும் ஒண்ணுன்னு ஆயிடும்," என்றாள் அவள். "எங்க ஆரம்பிச்சோம்னு சொல்றது அதான்."

அதற்கப்புறம் அவன் களத்திலேயே குடியிருந்தான். ஈரம் பார்க்கிற மீட்டரை மணிக்கொரு தரம் நெல்லில் வைத்துப் பார்த்து, சுவரில் சாக்பீஸால் புள்ளி வைத்தான். நெல் துழாவிக்கொண்டிருந்த சிட்டம்மாள், மில் ஓட்டுகிற பெஞ்சமினைப் பார்த்துச் சொன்னாள்:

"பாரேன், கண்ணாலம் முடியறதுக்குள்ள சின்ன மொதலாளி சொவுத்துல கோலம் போடக் கத்துக்கினாரு."

"பொண்ணு டீச்சராம்மா. இப்பவே வூட்டுப்பாடம் குடுத்துக்கீறாங்க."

"நம்மளையும் முட்டி போட வைக்காம இருந்தா சரி."

புள்ளிகள் சேர்ந்து வளைகோடாக இறங்குவதைப் பார்த்து மோகன் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பை வேதாசலம் பார்த்துவிட்டார். காரணம் கேட்டார். மகன் சொன்னதில் அவருக்குப் புரிந்தது ஒன்றே: நெல் எப்போது காயும் என்று பையனால் முன்கூட்டியே சொல்ல முடியும். அன்று மாலையே பெருநகர் பஸ் நிறுத்தத்தில், தன் மகன் நெல்லுக்கு ஃபார்முலா கண்டுபிடித்திருப்பதாகவும், டெல்லியிலிருந்து கேட்கிறார்கள் என்றும் அவர் அறிவித்தார். சம்பந்தி கலைச்செல்வனுக்கும் போன் போட்டு, வந்து பார்க்கச் சொன்னார்.

கல்பனாவின் அப்பா கலைச்செல்வன் வந்த அன்று களத்தில் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். மோகன் காலையில் ரெண்டு தடவை மீட்டர் பார்த்து, காயும் வேகத்துக்கான k-யைக் கண்டுபிடித்து, C-யும் மறக்காமல் போட்டு, "ரெண்டு மணிக்கு அரைக்கலாம்" என்றான்.

ரெண்டு மணி ஆனது. மோகன் மீட்டரை வைத்தான். ஈரம் அதிகமாகக் காட்டியது.

"இன்னும் காயல நைனா. கொஞ்சம் பொறுக்கலாம்."

வேதாசலம் சம்பந்தியைப் பார்த்தார். "ஈக்வேஷன் பொய் சொல்லாது. மீட்டர்ல பேட்டரி வீக்கு. பெஞ்சமின், மெஷின்ல போடு."

"போட்டா நொய்யாப் பூடும் மொதலாளி."

"போடுன்னா போடு."

போட்டார். ஈரநெல் உடைந்து மூட்டை மூட்டையாக நொய் வந்தது. கலைச்செல்வன் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "கஞ்சிக்கு நல்லாருக்கும்," என்றார், ரொம்ப மரியாதையாக. போகும்போது ஒரு பையில் கொஞ்சம் கேட்டும் வாங்கிக்கொண்டார்.

மோகன் அன்று சாப்பிடப் போகவில்லை. சுவரில் இருந்த புள்ளிகளின் முன்னால் நின்றுகொண்டே இருந்தான். முதல் இரண்டு மணிநேரம் சமன்பாட்டின் கோடும் மீட்டரின் புள்ளியும் ஒன்றாகப் போயின. பிறகு கோடு கீழே போனது, புள்ளி மேலேயே தங்கிவிட்டது. கோடு போகிற போக்கில் விட்டால் நெல்லில் ஈரமே இல்லாமல் போய்விடும். ஆனால் போன வருஷம் குடோனில் கிடந்த பழைய நெல்லில் மீட்டரை வைத்தாலும் பத்து சதவீதத்துக்குக் குறைந்து காட்டியதில்லை. காற்றிலேயே ஈரம் இருக்கிறதே. நெல் காற்றைவிட அதிகமாக எப்படிக் காயும்?

கல்பனாவுக்கு போன் செய்தான்.

"y-ன்னு போட்டது தப்புங்க. y-ல பத்த கழிச்சிப் போடணும். மொத்த ஈரத்துக்கு ஏத்த வேகம் இல்ல. காத்துக்கு மேல எவ்ளோ மிச்சம் கீதோ, அதுக்கு ஏத்த வேகம். போட்டுப் பாத்தேன். புள்ளி மேலயே உக்காருது."

அந்தப் பக்கம் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

"தப்பாங்க?"

"C போட்டீங்களா?"

"போட்டேன்."

"நான் எந்தக் கணக்குலயும் அதச் சொல்லித் தரலயே," என்றாள். பிறகு, "எங்கப்பா கொண்டாந்த நொய்ல கஞ்சி வச்சோம். நல்லாதான் இருந்திச்சி. நீ பத்திரிகைல பட்டம் போட்டுக்கோ," என்றாள்.

'நீங்க' எங்கே போனது என்று அவன் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கவனித்ததும் காது சூடானது.

காஞ்சிபுரத்தில் பரீட்சை எழுதினான். ஆறிக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டைப் பற்றி ஒரு கணக்கு வந்தது. குண்டை நெல்லாக்கிப் போட்டுவிட்டான். லாப்லாஸ் என்கிற பாடத்துப் பக்கம் அவர்கள் இருவரும் போகவேயில்லை. பேச வேறு விஷயங்கள் வந்துவிட்டிருந்தன. அந்த இடத்தில் எதையும் மனப்பாடமாக எழுதி நிரப்பாமல் வெறுமையாக விட்டுவிட்டு வந்தான். வெளியே வந்ததும் பஸ் பிடித்து நேராக உத்திரமேரூர் அச்சகத்துக்குப் போனான்.

"அண்ணே, என் பேருக்குப் பின்னாடி இருக்கறத எடுத்துடுங்க."

"பொண்ணு வூட்ல சரின்னுட்டாங்கன்னு உங்க நைனா சொன்னாரே?"

"அவங்க சரின்னாங்க. ரிசல்ட் வரலியே."

பத்திரிகை வந்ததும் வேதாசலம் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. ஆனால் ஊர் வேறுவிதமாகப் பேசியது. இத்தனை பட்டங்களுக்கு நடுவே மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றுமில்லை என்றால், பையன் வெளியே சொல்ல முடியாத அளவுக்குப் படித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ரகசியப் பிரிவில் அதிகாரி என்றும் ஒரு பேச்சு வந்தது. வேதாசலம் அதை மறுக்கவில்லை. மறுக்காததோடு கொஞ்சம் நீர் ஊற்றியும் வளர்த்தார்.

அதன் பலன் வரவேற்பு அன்று மேடையில் வந்தது. கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கல்பனாவின் மாணவர்கள். பாட்டுக் கச்சேரிக்காரர் மைக்கைப் பிடித்து, வேதாசலம் தன் காதில் ஊதி வைத்ததை அப்படியே முழங்கினார்.

"நமது மாப்பிள்ளை, கணித மேதை, டாக்டர் மோகன்குமார் அவர்களை..."

கைதட்டல் எழுந்தது. கல்பனா மாலையோடு ஓரடி தள்ளி நின்றாள். போட்டோகிராபர், "மேடம், கிட்ட வாங்க," என்றார். அவள் வரவில்லை. மோகனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மோகன் நடந்துபோய் மைக்கை வாங்கினான்.

"நான் டாக்டர் இல்லிங்க. பி.எஸ்ஸி.யே இன்னும் இல்ல. டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் ஒரு பேப்பர் பாக்கி. எழுதியிருக்கேன், ரிசல்ட் வரல. கல்பனாதான் சொல்லிக்குடுத்தாங்க. எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க."

மாணவர்கள் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போனது. வேதாசலம் பந்தியை மேற்பார்வை பார்க்கிற சாக்கில் நழுவினார். மோகன் திரும்பி வந்தபோது கல்பனா அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், தோளோடு தோள் இடிக்கும்படி.

மொய் உறையோடு மேடை ஏறியவர்களில் ஒரு இளைஞன் மோகன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அண்ணா, எனக்கும் அதே பேப்பர்தாண்ணா," என்று காதோடு சொன்னான். அடுத்தவனுக்கு இயற்பியல். அதற்கடுத்தவன் இன்ஜினியர் என்று பெண் வீட்டுப் பத்திரிகையில் போட்டிருந்த கல்பனாவின் மாமன் மகன், அவனுக்கு மூன்று. போட்டோகிராபர் கத்திப் பார்த்தும் வரிசை நகரவில்லை.

"எல்லாரும் ஞாயித்துக்கிழமை காலைல மில்லுக்கு வாங்க," என்றாள் கல்பனா. "சாக்பீஸ் நீங்களே வாங்கியாரணும்."

வரிசையின் கடைசியில் பச்சமுத்து சித்தப்பா நின்றிருந்தார். கிட்டே வந்ததும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"மோகனு, அந்த பி.எல்.லு கிடக்கட்டும்," என்றார். "அந்த பி.ஏ.லயே எனக்கு இங்கிலீஷு நிக்குது. உன் பொண்டாட்டி இங்கிலீஷு எடுக்குமா?"