தவக்காலத்து ஐஸ்

குருநகர் மதுவொழிப்புச் சங்கத்துக்குப் பத்து வருசமாகச் சூசைதாசன்தான் தலைவர். போட்டிக்கு ஆளில்லை. கள்ளை வாயில் வைத்தறியாத ஆண்பிள்ளை என்று அந்தக் கரையில் அவர் ஒருவரைத்தான் காட்டலாம். அந்தப் பெயரைத் தன் ஐஸ் தொழிற்சாலையைவிடப் பெரிய சொத்தாக அவர் நினைத்தார். கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே பிரசங்கம்: “புளிச்ச கள்ளு சுண்ணாம்புக் கல்லையே கரைக்கும். உங்கடை குடலை விடுமோ?” கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு நேரே கள்ளுத் தவறணைக்குப் போவார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு தவக்காலத்தில் அந்தப் பிரசங்கம் அவரையே தேடி வந்தது.

ஐஸ் மெசினின் குழாய்கள் சூடேறாமலிருக்க அவற்றின்மேல் எந்நேரமும் தண்ணீர் ஓடவேண்டும். ஓடிய தண்ணீர் தொட்டியில் விழும். பம்ப் திரும்ப மேலே ஏற்றும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரோ கேத்திலுக்குள்ளேயே கல் வளர்க்கிற தண்ணீர். குழாய்களில் சுண்ணாம்பு தடிப்பாகப் படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல் மெசின் மூச்சிரைத்தது. ஐஸ் கஞ்சியாக வந்தது. சுண்ணாம்பைக் கரைக்கிற அசிட் கொழும்பிலிருந்து புறப்பட்டது உண்மை. இராணுவச் சோதனைச்சாவடியில் அதைக் குண்டுச் சாமான் என்று பிடித்துவிட்டார்கள். அது ஐஸ் செய்ய என்று விளக்கம் சொன்ன லொறிக்காரனையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ,” என்றான் மெசின் பார்க்கிற சிமியோன். “கள்ளு சுண்ணாம்பைக் கரைக்குமெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?”

சூசைதாசன் கோபிக்கத்தான் செய்தார். ஆனால் ஐஸில்லாமல் கரையில் மீன் நாறிக்கொண்டிருந்தது. உயிர்த்த ஞாயிறுவரை கள்ளைத் தொடுவதில்லையென்று ஊர் ஆண்கள் எல்லாரும் ஒறுத்திருந்ததால், தவறணையிலும் விற்காத கள்ளு பீப்பா பீப்பாவாகப் புளித்துக் கிடந்தது. சிமியோன் அதைச் சாக்கால் மூடிக் கொண்டுவந்து தொட்டிக்குள் ஊற்றினான்.

தன் பிரசங்கத்தில் இவ்வளவு உண்மை இருக்குமென்று தலைவரே எதிர்பார்க்கவில்லை. சுண்ணாம்பு நுரைத்துப் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. ஐஸ் கண்ணாடியாக வந்தது. கூடவே, சூடான குழாய்களில் பட்ட கள்ளின் வாசம் குருநகர் முழுவதும் பரவியது. சிலுவைப்பாதைக்குப் போனவர்கள் ஒவ்வொரு தலத்திலும் நின்று ஆழமாக மூச்சிழுத்தார்கள்.

மறுநாள் வாசலில் வரிசை. வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருந்த சந்தியோகுவும் அதில் நின்றான்.

“மீனில்லாமல் உனக்கென்னத்துக்கு ஐஸ்?” என்றார் சூசைதாசன்.

“விடாய்க்குது முதலாளி. ஐஸ் உறிஞ்சக்கூடாதெண்டு சுவாமி சொல்லேல்லைத்தானே?”

ஒரு துண்டை வாயில் போட்டவன் கண்ணை மூடிச் சொக்கிப்போனான்.

“விசரா, தொட்டித் தண்ணி வேறை, ஐஸ் உறையிற தண்ணி வேறை! ஒண்டோடையொண்டு சேராது!”

“ஓம் முதலாளி, சேராது. நாங்கள் ஆருக்கும் சொல்லமாட்டம்.”

பின்னேரம் இரண்டு பேர் ஐஸ் உறிஞ்சிக்கொண்டே பாட்டுப் பாடி, தோளில் கைபோட்டு, மதிலில் மோதினார்கள். வீட்டில் சூசைதாசனின் மனைவி செபஸ்தியம்மா அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பத்து வருசமாய் என்னையும் ஏமாத்திப்போட்டியள். ஒளிச்சுக் குடிக்கத்தானே உந்தப் பெரிய தொட்டி?”

அதுதான் சூசைதாசனைச் சுட்டது. தொழிற்சாலை போனாலும் போகட்டும், இவள் கண்ணில் தான் கள்ளனாக இருக்கக்கூடாது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியார், மனைவி, சங்கத்தார், சந்தியோகு எல்லாரையும் ஐஸ் அறைக்குக் கூட்டிவந்தார்.

“இது கள்ளுத் தொடாத வாய்,” என்று முழங்கினார். “இந்த ஐஸிலை ஒரு துளி கள்ளு இருந்தாலும் எனக்கு வெறி ஏறும். எல்லாரும் வடிவாய்ப் பாருங்கோ!”

கைகொள்ளாத கட்டியொன்றை வாய்க்குள் திணித்துக் கடித்தார். குளிர் நெற்றிப்பொட்டில் ஏறியது. கண் இடுங்கி நீர் வழிந்தது. நாக்கு மரத்துப்போயிற்று.

“பா... பாழ்... பாழ்த்தியளே?” என்று வெற்றியோடு ஒரு அடி முன்னே வைத்தார். ஈரத் தரை. கால் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கமாக மல்லாந்து விழுந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சந்தியோகு மரியாதையாகக் குனிந்து அவரைத் தூக்கினான். “பாவம், பழக்கமில்லாத மனுசன். ஒரு கடியோடை சாஞ்சிட்டார்.”

சுவாமியார் ஐஸ் துண்டொன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

செபஸ்தியம்மா ஓடிவந்து கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. “அப்ப, நீங்கள் இவ்வளவு நாளும் உண்மையாய்க் குடிக்கேல்லைத்தான்!” என்று அவர் நெற்றியைத் தடவினாள். ஐஸில் கள்ளே இல்லையென்று சொல்ல சூசைதாசன் வாயைத் திறந்தார். நாக்கு இன்னும் புரளவில்லை.