கேக் ஏற்றும் கார்

இராசமலர் சுட்ட கேக்கின் ருசியைப் பற்றி உப்புவெளியில் யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் அது போய்ச் சேர்ந்த விதத்தில்தான். நிலாவெளியில் ஒரு கலியாணத்துக்கு அவள் செய்த கேக் ஓட்டோவில் போனது. போகிற வழியில் ஒரு பள்ளத்தையும் அந்த ஓட்டோக்காரன் மிச்சம் விடவில்லை. பெண் வீட்டு வாசலில் இறக்கியபோது தட்டுகளைத் தாங்கிய தூண்கள் சரிந்து, ஐசிங் பாளம் பாளமாகக் கழன்று கிடந்தது. பெண்ணின் தாய் அழுததைப் பார்த்து இராசமலரும் அழுதாள். அதற்குப் பிறகு பிறந்தநாள் கேக்குக்கு ஆள் வரும்; கலியாணக் கேக்குக்கு ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்காது. கை நல்ல கைதான், ஆனால் ராசியில்லை என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஊருக்கு என்ன, தீர்ப்பு எழுத மை செலவா, பேனை செலவா?

அப்படியிருக்க, தொண்ணூற்றேழாம் ஆண்டு தம்பலகாமத்திலிருந்து ஆனந்தராசா என்ற வயல்காரர் வந்து, மகளின் கலியாணத்துக்கு நாலு தட்டுக் கேக் வேண்டும் என்று சொன்னார். மகள் எங்கேயோ இவளுடைய கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம்.

"செய்யிறது பிரச்சினையில்லை, கொண்டு வந்து சேர்ப்பீங்களோ?" என்று அவர் கேட்டார்.

"ஓம், சேர்ப்பன்" என்று இராசமலர் சொல்லிவிட்டாள். அவர் படலையைத் தாண்டிய பிறகுதான் நிலாவெளிக் கேக் நினைவுக்கு வந்தது. இந்தக் கேக்கும் உடைந்தால் இனி ஆயுளுக்கும் பிறந்தநாள் கேக்தான்.

அவள் புருசன் கனகரத்தினம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். சண்டைக் காலத்தில் கப்பல் வரத்துக் குறைந்து, வேலை இருந்தும் இல்லாத மாதிரி இருந்தார். அவருக்கு நெடுநாளாய்க் கார் ஆசை. மனைவியின் கவலையைக் கண்டதும் அந்த ஆசைக்கு நல்ல சாட்டு ஒன்று கிடைத்துவிட்டது.

"மலர், ஒரு கார் வாங்குவம்" என்றார், கத்தரிக்காய் வாங்குவம் என்கிற மாதிரி.

வெள்ளைக்காரர் வராமல் பூட்டிக் கிடந்த ஒரு விருந்தினர் விடுதியின் பின்வளவில், தென்னைக்குக் கீழே, பின்கதவு மேலே திறக்கிற சின்ன ஜப்பான் கார் ஒன்று நின்றது. முன்சீற்றில் ஒரு கோழி அடை கிடந்தது. கனகரத்தினம் எஞ்சினைப் பார்த்தார். இராசமலர் எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. தையல் நாடாவை எடுத்துப் பின்கதவின் அகலத்தை அளந்தாள். கேக் பலகை உள்ளே போகும் என்று கண்டபிறகுதான், "இது ஓடுமோ?" என்று கேட்டாள்.

"தள்ளினால் ஓடும்" என்றார் விடுதிக் காவல்காரர்.

கோழி குஞ்சு பொரித்து இறங்கும்வரை காத்திருந்து, அடிமாட்டு விலைக்கு வாங்கி, டவுனில் பக்கீர் நானாவின் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கீர் நானா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதில தேங்காய் ஏத்தலாம். கேக் ஏத்த ஏலாது."

"ஏத்தத்தான் நானா வாங்கினது."

எஞ்சின் ஒருவழியாக இருமிக் கனைத்து உயிர் பிடித்தது. தரையில் இருந்த ஓட்டைக்குத் தகரம் வைத்தார்கள். பின்சீற்றைக் கழற்றிப் பலகை அடித்தார்கள். சரி, இனிக் குலுக்கத்தை எப்படி அறிவது? நாளுக்கொரு கேக் சுட்டு உடைத்துப் பார்க்க முடியுமா? இராசமலர் குசினிக்குள் போய்ப் பெரிய அலுமினியப் பேசினை எடுத்து, விளிம்பு மட்டும் தண்ணீர் நிரப்பிப் பலகையில் வைத்தாள். தம்பலகாமம் போய்ச் சேரும்போது தண்ணீர் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதுதான் காரின் யோக்கியதை.

முதல் நாள் மிஞ்சியது நாலு விரற்கடைகூட இல்லை. மற்றதெல்லாம் பக்கத்தில் குந்தியிருந்த இராசமலரின் சட்டையில் இருந்தது. கனகரத்தினம் சிரித்தார். அன்றிரவு அவருக்குப் பழஞ்சோறுதான் கிடைத்தது.

பிறகு ஒவ்வொன்றாய் மாற்றினார்கள். எங்கேயோ நொறுங்கிக் கிடந்த வேறொரு காரின் ஷொக் அப்சோபரைப் பக்கீர் நானா தேடிப் பிடித்துப் பூட்டினார். தண்ணீர் பேசினில் பாதிக்கு ஏறியது. ஸ்பிரிங்கை மாற்றினார்கள், இன்னும் ஏறியது. தும்பு மெத்தை போட்டார்கள். கார் நின்ற பிறகும் பேசின் ஆடியது. மெத்தையை எடுத்துவிட்டு, அரைக் காற்று அடித்த லொறி டியூப்பைப் பலகைக்குக் கீழே வைத்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. இராசமலர் கைதட்டினாள்.

இதற்கிடையில் அவளுக்குத் தெரியாமல் கனகரத்தினம் ஜன்னலுக்குக் குஞ்சம் வைத்த திரையும், ஆறு ராகத்தில் ஊதுகிற ஹோர்னும் பூட்டிவிட்டார்.

"கேக்குக்கு ஹோர்ன் என்னத்துக்கு?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

"கார் எண்டால் ஒரு களை வேணும் எல்லோ" என்றார் அவர். அந்த மனுசனோடு கதைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாள்.

தம்பலகாமம் போகும் வழியில், கண்டி வீதிக் காவலரணில் இருந்த ஆமிக்காரருக்கு முதலில் இந்தப் பேசின் பெரிய தலையிடி. ஒருவன் தண்ணீரை மணந்து பார்த்தான். மற்றவன் கனகரத்தினத்தைக் குடித்துக் காட்டச் சொன்னான். அவரும் குடித்துக் காட்டினார். நாள் போகப் போக அவர்களே எட்டிப் பார்த்து, "இண்டைக்கு நல்லம்", "இண்டைக்குச் சரியில்லே" என்று சொல்லத் தொடங்கினார்கள். இராசமலருக்கு அவர்களைக் கண்டால் இருந்த நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

கலியாண நாளும் வந்தது. நாலு தட்டும் வெள்ளை வெளேரென்று, சீனிப் பூவோடு காருக்குள் ஏறின. நாலில் மேல்தட்டு ஒன்றுதான் கேக். மற்ற மூன்றும், சாமான் பெட்டிக்குள் அடைத்து வரும் வெள்ளை ரெஜிபோமில் வெட்டி மேலே ஐசிங் பூசியவை. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கேக் துண்டுகள் தனியாகச் சின்னப் பெட்டிகளில் இருந்தன. நாடு முழுக்க இதுதான் வழக்கம்; எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"மெல்ல, மெல்ல" என்று இராசமலர் வழிநெடுக மந்திரம் போலச் சொன்னாள். கனகரத்தினமும் கப்பலில் முட்டைப்பெட்டி இறக்குகிறவர் மாதிரி ஓட்டினார். காவலரணுக்கு வந்து சேரும்வரை ஒரு பூ இதழ்கூட அசையவில்லை.

ஆனால் காவலரணில் பழைய முகம் ஒன்றையும் காணவில்லை. முதல்நாள்தான் அவர்களை மாற்றிப் புது ஆட்களைப் போட்டிருந்தார்கள். மீசை அரும்பாத ஒருவன் பின்கதவைத் திறந்தான். கையில் நெல்மூட்டை குத்துகிற இரும்புக் கம்பி. கீழ்த்தட்டை விரலால் தட்டினான். பலகையோடு மெல்லத் தூக்கிப் பார்த்தான். இவ்வளவு பெரிய கேக் பஞ்சுபோல எழும்பியது. அவன் முகம் மாறிவிட்டது.

"இது கேக் இல்லே!" என்று கத்திப் பின்னுக்குப் பாய்ந்தான்.

துவக்குகள் நிமிர்ந்தன. பின்னால் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் குனிந்தார்கள். கனகரத்தினம் இரண்டு கையையும் தூக்கினார். சுட்டுவிடுவார்களோ என்று இராசமலர் பயந்தாள். அந்தப் பயத்துக்குள்ளும், கம்பியால் குத்தினால் ஐசிங் பிளந்துவிடுமே என்று இன்னொரு பயம் முண்டியடித்துக்கொண்டு வந்தது.

நரைத்த தலையோடு ஒரு கோப்ரல் வந்தார். இராசமலரும் கையைத் தூக்கியபடியே ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

"ரெஜிபோம், மாத்தையா. மேல மட்டும் கேக். கீழ எல்லாம் ரெஜிபோம்."

கோப்ரல் அவளைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிங்களத்தில் அவர் சொன்னதைக் கனகரத்தினம் கை தூக்கியபடியே தமிழில் சொன்னார்: "தன்ர கலியாணத்தில தட்டு மாறி ரெஜிபோமில கத்தியை இறக்கிப்போட்டாராம். கத்தி இறுகி, இழுக்க இழுக்க வரேல்லையாம். பெண்சாதி இண்டைக்கும் சொல்லிச் சிரிக்கிறவவாம்."

துவக்குகள் தாழ்ந்தன. ஆனால் குத்திப் பார்க்காமல் விட ஏலாது, அது கட்டளை என்றார் கோப்ரல். பெடியன் கம்பியோடு திரும்ப முன்னுக்கு வந்தான்.

"நில்லுங்கோ!" என்றாள் இராசமலர். தனக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று அவளுக்கே அன்றுதான் தெரியும். தன் பைக்குள்ளிருந்து, கேக் வெந்ததோ என்று பார்க்கும் நீள ஊசியை எடுத்து நீட்டினாள். "இதால குத்துங்கோ. நான் இடம் காட்டுறன்."

கீழ்த்தட்டில் ஒரு சீனிப் பூவைக் கழற்றினாள். பூ இருந்த இடத்தில் பெடியன் ஊசியை இறக்கினான். அவள் ஒரு பொட்டு ஐசிங் வைத்துப் பூவைத் திரும்ப ஒட்டினாள். அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. பெடியனின் நெற்றியில் வியர்வை. ஐசிங்கில் கை படாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினான். கடைசியாக மேல்தட்டில் குத்தி இழுத்து, ஊசியை வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"வெந்திருக்கு" என்றான், முழுத் தீவிரமாய்.

இராசமலருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துண்டுப் பெட்டி இரண்டை அவன் கையில் திணித்துவிட்டு ஏறினாள்.

ஆனந்தராசா வீட்டுப் பந்தலில் கேக் இறங்கியது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு சரிவு இல்லை. ஆனந்தராசா மூன்று தரம் சுற்றிவந்து, "முழுசா வந்திட்டுது!" என்று பந்தலுக்கே கேட்கச் சொன்னார். மணப்பெண் சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி ஓடிவந்து இராசமலரைக் கட்டிப்பிடித்தாள். இராசமலர் எல்லோரும் பார்க்க நின்று அழுதாள். வெட்கமே படவில்லை.

கிண்ணியாவிலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஸாலிஹா என்ற பெண் கேக்கையும் காரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கிட்ட வந்தாள்.

"எங்கட மகளுக்கும் வாற மாசம் கலியாணம். கிண்ணியாவுக்கு ஆறு கடக்க வேணும், பாதையில ஏத்தித்தான் கார் வரும். பாதை ஏறி இறங்கேக்க சரியாக் குலுக்கும். கேக் தாங்குமோ?"

பாரந்தூக்கி ஓட்டிய கனகரத்தினமே தாடையைச் சொறிந்தார். காரை ஏற்றி ஆறு கடத்துகிற மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பேர்; அதில் ஏறுவதும் இறங்குவதும் லேசான காரியமா? பக்கீர் நானாவிடம் ஒருக்கால் கேட்டுவிட்டு என்று அவர் வாயெடுக்குமுன்,

"தாங்கும்" என்றாள் இராசமலர். "எத்தினை தட்டு வேணும், சொல்லுங்கோ."